எம்புட்டு ஆழம் என்று அம்மா கேட்டாள்

“...குளிக்காம வேன்ல ஏறக் கூடாது. குளிக்கலாம்னா கரண்டு இல்ல. அப்ப, இருக்கிற தண்ணியில முங்கிட்டுப் போறதுதானக்கா மொறை?” என்றாள் அம்மா.

இதை அவள் பெரியம்மாவிடம் சொன்னது கான்சாபுரத்தில், ஒரு சாவு வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்று மேட்டில். பக்கத்தில் நான் நின்றேன். என் தலையில் மஞ்சள் தொப்பி. தொப்பியின் முன்பக்கம் ஒரு டால்பின் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. சாவு வீட்டுக்கு யாராவது டால்பின் தொப்பி போட்டுக்கொண்டு போவார்களா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். நாங்கள் போனோம். அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் அந்த வருஷத்து முழுப் பரீட்சை லீவை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். அதில் பாதி எனக்கே இன்னும் பிடிபடவில்லை. ஐம்பதைத் தொடப் போகிறேன். அந்த லீவை நினைத்தால் சிக்கு விழுந்த நூல் மாதிரிதான் இருக்கிறது. ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் முடிச்சு.

நம் வயதுக்காரர்களுக்கு ரொம்ப விளக்க வேண்டியதில்லை. இப்போது என் மகள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கைபேசியில் ரூம் போட்டு, டிக்கெட் போட்டு, பெட்டியும் கட்டிவிடுகிறாள். நமக்கெல்லாம் ஒரு பயணம் என்றால் அது முதலில் வாயால் நடக்கும். வாரக்கணக்கில் நடக்கும். வாயால் போய்ச் சேர்ந்த பிறகுதான் கால் கிளம்பும்.

எங்கள் வீடு இராஜபாளையத்தில். அப்பாவுக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. அம்மா பேண்டேஜ் கம்பெனியிலிருந்து வெள்ளைத் துணியைக் கட்டுக் கட்டாக வாங்கிவந்து, வீட்டில் உட்கார்ந்து மடித்துக் கொடுப்பாள். அந்தத் துணி கொசுவலையைவிட லேசு. மூச்சு விட்டாலே நகரும். அதனால் அவள் மடிக்கிற நேரத்தில் மின்விசிறி போடக் கூடாது, ஓடி விளையாடக் கூடாது. தும்மல் வந்தால் வெளியே ஓடிப்போய்த் தெருவில் தும்ம வேண்டும். சித்திரை மாதத்து இராஜபாளையத்தில் மின்விசிறி இல்லாமல் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பாருங்கள். டீவியில் வந்த ஒரு தண்ணீர் விளம்பரத்தை அம்மா வைத்த கண் வாங்காமல் பார்த்தது புழுக்கத்தினால்தான் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் இருந்தது சின்னதாக ஒரு கறுப்பு வெள்ளை டீவி. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு நடுவில் விளம்பரம் வந்தது. ஒரு குளம். குளத்தில் அலை. கடலில் வருகிற மாதிரியே அலை புறப்பட்டு வந்து ஆட்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தண்ணீர், ஆட்கள், வானம், அத்தனையும் சாம்பல் நிறம்.

“அது எங்கங்க இருக்கு?” என்றாள் அம்மா. மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

“கோயம்புத்தூருக்கு அந்தாண்ட. மலையடிவாரத்துல. தீம் பார்க்குன்னு சொல்லுதாவ.”

“போவமா?”

அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அம்மா ஓர் இடத்தைக் காட்டிப் போவோமா என்று கேட்டது அதுதான் முதல் தடவை. விசேஷ வீட்டுக்குப் போவாள், துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போவாள், இரண்டுக்கும் ஒரே சேலையைக் கட்டிக்கொண்டு போவாள். மற்றபடி வீடு, கம்பெனி, வீடு. அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?” என்று கேட்டார்.

அப்பா தன் அண்ணனைக் கேட்காமல் ஒரு சட்டைத் துணிகூட எடுக்க மாட்டார். பெரியப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். பென்ஷன் வந்த பிறகும் அவரை விட்டு ராணுவம் போகவில்லை. காய்கறி வாங்கப் போனால்கூட எந்தத் தெரு வழியாகப் போய் எந்தத் தெரு வழியாகத் திரும்புவது என்று வீட்டில் அறிவித்துவிட்டுத்தான் போவார். அவரிடம் போய் அப்பா தீம் பார்க் என்று சொன்னதும் மனிதருக்கு முகமெல்லாம் வெளிச்சம். பாவம், ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு யாரும் ஒரு உத்தியோகமும் கொடுக்கவில்லை, நாங்கள் கொடுத்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். பஸ்ஸை விட்டு இறங்கினதும் பால் காய்ச்சுகிற வாசம் வரும். பால்கோவாக் கடைகளின் பின்பக்கம் அடுப்பு எரிகிற சந்து அது. அந்தச் சந்து வழியாகப் போனால் பெரியப்பா வீடு. சிவப்புச் சிமெண்டுத் தரையில் பெரியப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து வழி போட்டிருப்பார். தீப்பெட்டி என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். வெற்றிலைப் பெட்டி மதுரை. காபி டம்ளர் பழனி. மூக்குக்கண்ணாடிக் கூடு கோயம்புத்தூர். தீம் பார்க்குக்கு ஒன்றும் அகப்படாமல் பெரியம்மாவின் மாத்திரை டப்பாவை வைத்தார்.

“ஏலே தம்பி, இங்க பாரு. இது நாம. இது பழனி. இங்கன ஒரு ராத்திரி ஆல்ட்டு.”

“பழனி எதுக்குண்ணே? பார்க்குக்குத்தான போறோம்?”

அடுப்படியிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. “வெறும் வெளாட்டுக்குன்னு வேன் புடிச்சா ஊரு சிரிக்காதா? எங்க போயிட்டு வாரியன்னு கேட்டா, தண்ணிக்குள்ள ஆடிட்டு வாரோம்னா சொல்ல முடியும்? கோயிலுக்குப் போனோம், அப்படியே பார்க்கையும் பாத்தோம்னு சொல்லணும்.”

இந்த ‘அப்படியே’ இருக்கிறதே, அதை அன்றைக்கே நான் பிடித்து வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் ஆசைப்பட்டதை எல்லாம் ஒரு ‘அப்படியே’க்குள் போட்டுத்தான் மூடி எடுத்துப் போவார்கள். கல்யாணத்துக்குப் போனோம், அப்படியே சினிமா. ஆஸ்பத்திரிக்குப் போனோம், அப்படியே ஜவுளிக்கடை. ஆசைக்கென்று தனியாக ஒரு பஸ் கிடையாது.

கோயில் ஒன்று வந்தால் ஒன்றோடு நிற்குமா? மதுரையைத் தாண்டுகிறவர்கள் அம்மனைப் பார்க்காமல் தாண்டுவதா? அப்புறம் திருப்பரங்குன்றம் கோபித்துக்கொள்ளாதா? கோயம்புத்தூர் வரை போகிறவர்களுக்கு மருதமலை எட்டிப் பிடிக்கிற தூரம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தரையில் பாக்கு, சீப்பு, சாவிக்கொத்து என்று கோயில்கள் பெருகின. மாத்திரை டப்பா நகர்ந்து நகர்ந்து கட்டில் காலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பெரியப்பா மகளும் நானும் குனிந்து அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம்.

ஒருநாள் பெரியப்பா திடீரென்று, “பழனிய எங்கட்டி காணோம்?” என்று அதட்டினார்.

“நீங்கதான் குடிச்சுட்டு அங்கன ஓரமா வச்சிய,” என்றாள் பெரியம்மா.

அம்மா இந்தப் பேச்சில் எங்கே இருந்தாள் என்று கேட்டால், கதவுக்குப் பின்னால் இருந்தாள். புருஷனுக்கு அண்ணன் என்றால் அவர் எதிரே உட்காரக் கூடாது, நேரே நின்று பேசக் கூடாது. அந்த வீட்டில் யாரும் இதைச் சட்டமாகச் சொன்னதில்லை. சொல்லாததனாலேயே அது ரொம்ப உறுதியாக இருந்தது. அம்மா பெரியப்பாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னிடம் சொல்வாள். அவர் காதில் அது நன்றாக விழும். இருந்தாலும் நான் திரும்பி ஒருமுறை சொல்ல வேண்டும். அவர் என்னிடம் பதில் சொல்வார். நான் கதவுப் பக்கம் திரும்பி அதையும் சொல்ல வேண்டும்.

“ஒங்க பெரியப்பாட்ட கேளு, அந்தக் கொளம் எம்புட்டு ஆழம்னு.”

“பெரியப்பா, அந்தக் கொளம் எம்புட்டு ஆழம்?”

“பயப்பட வேண்டாம்னு ஒங்கம்மாட்ட சொல்லு. சின்னப் புள்ளைய நிக்கிற அளவுதான். மொழங்காலு. மிஞ்சிப் போனா இடுப்பு.”

“இடுப்புதானாம்மா. பயப்பட வேண்டாமாம்.”

கதவுக்குப் பின்னாலிருந்து மறுபடி குரல் வந்தது. “அந்தக் கடைசித் தொங்கல்ல எம்புட்டு இருக்கும்னு கேளு.”

நான் கேட்பதற்குள் பெரியப்பா பதறிவிட்டார். “தொங்கலுக்கு அவ ஏன் போறா? ஏலே தம்பி, தண்ணிக்குள்ள எறங்குனா நீ அவ கையை விடவே கூடாது, கேட்டியா?”

“விட மாட்டேண்ணே,” என்றார் அப்பா.

இங்கே நான் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இது பிற்பாடுதான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லாவிட்டால் நான் குழம்பின மாதிரி நீங்களும் குழம்புவீர்கள். அம்மா பயந்து கேட்கவில்லை. ஆழம் இருக்க வேண்டுமே என்று கேட்டாள். மம்சாபுரத்தில் அவள் பிறந்த வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் நீந்தியே வளர்ந்தவள். மேட்டிலிருந்து ஓடிவந்து தலைகீழாகப் பாய்வாளாம். அடித்தரை வரை போய்க் கைநிறைய மண் எடுத்துக்கொண்டு மேலே வந்து காட்டுவாளாம். கூடப் பிறந்த ஆண்கள் இவளிடம் தோற்றுவிட்டுச் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு படுப்பார்களாம். கல்யாணமாகி இராஜபாளையத்துக்கு வந்தாள். இங்கே தெருக்குழாய். குடத்தில் பிடித்து, அண்டாவில் ஊற்றி, சொம்பில் மொண்டு குளிக்க வேண்டும். நீச்சல் தெரியுமா என்று புகுந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொன்னால் வாயாடி என்று பெயர் வரும், அவளும் சொல்லவில்லை. அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

ஆக, அத்தனை பேரும் தரையில் டம்ளர் நகர்த்திக்கொண்டிருந்தபோது, கதவுக்குப் பின்னால் ஒருத்தி கால் எட்டாத தண்ணீரில் இறங்கிவிட வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தாள். ஊர் தெரியாத இடம், உறவு பார்க்காத இடம். அங்கேயாவது முடியும் என்று நினைத்திருப்பாள். அதற்காக அவள் எத்தனை கோயிலையும் ஏற்றுக்கொண்டாள். “சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் கான்சாபுரத்துச் சின்னத் தாத்தா படுத்துவிட்டார்.

அவர் அப்பாவுக்குச் சித்தப்பா. வத்திராயிருப்புப் பக்கம் தோட்டமும் வயலுமாக இருந்தவர். தெருமுனை பூத்துக்கு டெலிபோன் வந்தது. கஞ்சி இறங்கவில்லை, ஆள் அடையாளம் தெரியவில்லை என்றார்கள். நெருங்கின பங்காளி. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் எங்களுக்குப் பதினாறு நாள் தீட்டு. கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. மலைக்கோயில் என்றால் வருஷம் திரும்ப வேண்டும். கோயில் இல்லாமல் வேன் கிடையாது என்று பெரியம்மா ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அப்படியானால் மொத்தப் பயணமும் அந்தப் பெரியவர் மூச்சில் தொங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டம்ளர்களைச் சுற்றி நடந்த பேச்சை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

“அப்படியே ஒண்ணு ஆயிட்டாலும், பார்க்குக்கு மட்டும் போகலாம்லண்ணே? அது என்ன கோயிலா?” என்றார் அப்பா.

“அங்க ஒரு மலை இருக்காம்லலே. அதுல ஏறித்தான் சறுக்கி வரணுமாம். வருஷத்துக்குள்ள மலை ஏறலாமா?”

“அது சிமெண்டு மலைண்ணே.”

“சிமெண்டுன்னா? மலை மலைதான?”

“சாமி இருந்தாத்தானே மலைக்கணக்கு?”

“சாமி எங்கதாம்லே இல்ல?” என்றார் பெரியப்பா. பெரியப்பாவே யோசித்துப் பார்த்து, சறுக்குவது இறங்குகிற கணக்கில்தான் வரும், ஆனால் சறுக்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டுமே என்று அவரும் அங்கேயே நின்றுவிட்டார்.

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டாள். “வழியிலதான இருக்கு கான்சாபுரம். ஒரு எட்டுப் போயி அவியளப் பாத்துட்டுப் போயிருவோம்னு சொல்லு.”

நான் சொன்னேன். பெரியப்பா தரையைப் பார்த்தார். பெரியம்மாதான் வாயைத் திறந்தாள். “பாக்கப் போயி, நம்ம கண்ணு முன்னாடியே ஒண்ணு ஆயிட்டா? பொறவு எங்க போறது? வந்து பாத்துக்கிடலாம். அவரு கெட்டி ஒடம்பு.”

எனக்கு இதில்தான் தலை சுற்றியது. போக வேண்டும் என்று எல்லோரையும்விட ஆசைப்பட்டவள், பயணத்தைக் கெடுக்கக்கூடிய காரியத்தைச் சொல்கிறாள். ஆசையே இல்லாத மாதிரி பேசினவர்கள் கெடுக்காமல் காப்பாற்றுகிறார்கள். ஆண்டாள் கோயிலில் பெரியப்பா மகளும் நானும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சின்னத் தாத்தா நன்றாக இருக்க வேண்டும், நன்றாக இருக்க வேண்டும் என்று உரக்கவே வேண்டிக்கொண்டோம். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் எங்கள் கன்னத்தைத் தடவி, “எம்புட்டுப் பாசம் பாரு” என்றாள். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னத் தாத்தா கெட்டி உடம்புதான். நாங்கள் கிளம்புகிற நாள் வரை இருந்தார்.

வேன் எங்கள் தெருக்காரருடையது. அவரே ஓட்டுவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வேனுக்கு முன்னால் சாமி படம், எலுமிச்சம்பழம், ஊதுபத்தி. வண்டிக்குள்ளே செருப்புக் காலோடு ஏறினால் முகம் கோணிவிடும். “ராண்டி, ராண்டி, டயம் ஆச்சு” என்று விடியுமுன்னே ஹார்ன் அடித்தார். ஒயர் கூடைகளில் புளியோதரை, தண்ணீருக்குப் பெரிய பிளாஸ்டிக் கூஜா, மூடியில் கயிறு கட்டினது. அந்தக் கூஜாவை இப்போது எங்கே தேடியும் கிடைக்காது. பச்சை நிறம். தண்ணீரிலும் கொஞ்சம் பச்சை வாசம் அடிக்கும். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு மதுரை ரோட்டில் போனோம். கிருஷ்ணன்கோவிலில் இடதுபக்கம் வத்திராயிருப்புக்கு ரோடு பிரியும். அந்த இடம் வந்ததும் பெரியப்பா முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“டிரைவர், நேரா,” என்றார்.

வேறெங்கே போகப் போகிறோம் என்பது மாதிரி டிரைவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அம்மா ஜன்னல் வழியாக அந்த ரோட்டையே, அது மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயில்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவர்களின் முதுகைப் பார்த்தோம். பழனியில் வரிசை நகரவே இல்லை. மருதமலையில் பெரியம்மாவுக்கு மூட்டு பிடித்துக்கொண்டது. தீம் பார்க்கின் வாசலுக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. அங்கேதான் எனக்கும் பெரியப்பா மகளுக்கும் ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி வாங்கித் தந்தார் அப்பா.

தண்ணீர் நீலமாக இருந்தது. எனக்கு அதுவே அதிர்ச்சி. சாம்பல் நிறத்தில்தான் இருக்கும் என்று நினைத்து வந்திருந்தேன்.

சேலையோடு இறங்கக் கூடாது என்று விசில் வைத்திருந்த ஆள் சொன்னார். வாடகைக்கு ஒரு நைலான் பேண்ட்டும் மேல்சட்டையும் கொடுத்தார்கள். பெரியம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நான் பைக்குக் காவல் இருக்கேன்” என்று தள்ளி உட்கார்ந்துவிட்டாள். அம்மா போட்டுக்கொண்டு வந்தாள். யாரோ தைத்த பை ஒன்றுக்குள் அம்மாவைப் போட்டுக் கட்டின மாதிரி இருந்தது. தோளைச் சுற்றி ஒரு துண்டு. ஏனென்றால் குளத்துக்கு நேர் எதிரே சிமெண்டு பெஞ்சில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று குளத்தையே பார்த்தபடி, முதுகை வளைக்காமல், எல்லைக் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். எழுந்து ஒரு டீ குடிக்கக்கூடப் போகவில்லை.

அப்பா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. கணுக்கால், முழங்கால், அப்புறம் இடுப்பு. அதற்கு மேல் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் ஆழம் இருந்தது. நாலைந்து வாலிபர்கள் அங்கே தலை மட்டும் தெரிய மிதந்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்தாள். அலைக்கு முன்னால் மில் சங்கு மாதிரி ஊதினார்கள். அலை வந்தது. எல்லோரும் கூச்சல் போட்டார்கள். அலை அப்பாவைத் தள்ளாட வைத்தது. அம்மா கல்லு மாதிரி நின்றாள்.

“கையைச் செத்த நேரம் விடுங்க,” என்றாள்.

“விட மாட்டேன். நான் இருக்கேன்ல, பயப்படாத,” என்றார் அப்பா. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பிரியமாக அப்பா அம்மாவைப் பிடித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கயிற்றுப் பக்கம் ஓர் அடி அம்மா வைத்தாள். பெஞ்சிலிருந்து பெரியப்பா எழுந்து நின்றார். அம்மா அந்த அடியைத் திருப்பி எடுத்துவிட்டாள். தோள் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். துண்டு நனைந்து கனத்துப் போயிருந்தது. அப்படியே நின்றாள், சங்கு அடங்கி எல்லோரையும் வெளியே கூப்பிடுகிறவரை.

கரைக்கு வந்ததும் அப்பா, “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டார்.

“ம்.”

அம்மாவின் கண் சிவந்திருந்தது. தண்ணீரில் மருந்து போட்டிருந்தார்கள், எல்லோர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒங்கம்மா ரொம்பப் பயந்துட்டாளோ?” என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவ்வளவு தூரம் ஆசைப்பட்டு வந்தவள் இடுப்பளவு தண்ணீரில் மரம் மாதிரி நின்றுவிட்டு வந்தால் ஒரு பிள்ளை வேறென்ன நினைக்கும்?

மறுநாள் திரும்பி வரும்போது திருமங்கலத்தில் டீக்கு நிறுத்தினார்கள். பெரியப்பா பூத்துக்குப் போய் ஊருக்குப் பேசினார். கண்ணாடிக் கதவுக்குள் அவர் தொப்பென்று ஸ்டூலில் உட்காருவது தெரிந்தது. வெளியே வந்து, “காலையில போயிட்டாவளாம். நமக்காக எடுக்காம வச்சிருக்காவ” என்றார்.

பெரியம்மாதான், “நல்லவேளை, மலையெல்லாம் ஏறி எறங்குன பொறவு...” என்று ஆரம்பித்து, தானே தன் வாயில் அடித்துக்கொண்டாள்.

கிருஷ்ணன்கோவிலில் இந்தத் தடவை வேன் திரும்பியது. கான்சாபுரத்துக்குள் போகாமல் ஊர் எல்லையிலேயே டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். உள்ளே பஞ்சாமிர்த டப்பா, விபூதி, குங்குமம், மருதமலைப் பிரசாதம். சாவு வீட்டு வாசலுக்கு இதைக் கொண்டுபோகக் கூடாது. “நான் இங்கதான் நிக்கேன். ஆனா ஒண்ணு, அங்க போயிட்டு அப்படியே வந்து ஏறுனா வத்து, வத்து. வேண்டவே வேண்டாம். தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட வாங்க. சீட்டு நனைஞ்சா பரவால்ல,” என்றார். பெரியப்பாவும் அதுதான் முறை என்று தலையை ஆட்டினார்.

எங்கள் தலையில் தொப்பி இருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. நாங்களும் மறந்துவிட்டோம். தப்பு மேளச் சத்தம் கேட்டதும் பெரியம்மா ஓடிப்போய் வாசலில் விழுந்தாள். “பாக்காம போயிட்டனே, என் மாமா, ஒரு எட்டு வந்து பாக்காம போயிட்டனே” என்று அவள் அழுத அழுகையில் அங்கே இருந்தவர்கள் புதிதாக அழ ஆரம்பித்தார்கள். நடிப்பில்லை, நிஜமாகத்தான் அழுதாள். வரவிடாமல் தடுத்தவளும் இவள்தானே, இப்போது இப்படி அழுகிறாளே என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு யோசித்தால், தடுத்ததனால்தான் அப்படி அழுதாள் போலிருக்கிறது. அதுவும் சரியா என்று தெரியாது. அம்மா பெரியவரின் காலைத் தொட்டாள், சத்தமில்லாமல் அழுதாள்.

ஆண்கள் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனார்கள். அப்பா, பெரியப்பா, ஊரில் இருந்த ஆண்கள் எல்லோருமே போய்விட்டார்கள். தப்புச் சத்தம் தூரத்தில் போகப் போக, வீட்டைக் கழுவிவிட்டு நாங்கள் பெண்கள் பின்பக்கத் தோட்டத்துக்கு வந்தோம். பம்புசெட் தொட்டியில் தலைக்கு ஊற்றிக்கொள்வதாக ஏற்பாடு. தொட்டி காய்ந்து கிடந்தது.

“கரண்டு ராத்திரிக்குத்தான் வரும்,” என்றாள் அந்த வீட்டு மருமகள். “மோட்டார் வச்ச பொறவு கயிறும் இல்ல, வாளியும் இல்ல. வீட்டுக் கொடத்தத் தீட்டோட தொடவும் கூடாது.”

எல்லோரும் கிணற்று மேட்டில் நின்றார்கள். நல்ல பெரிய கிணறு. மலையிலிருந்து ஊற்று வருகிற பூமி, கோடையிலும் தண்ணீர் பாதிக்கு மேல் கிடந்தது. கறுப்பாக, ஆடாமல் கிடந்தது. ஒரு பக்கம் கல்படி இறங்கியது. எல்லையில் டிரைவர் ஹார்ன் அடித்தார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அம்மா, இருக்கிற தண்ணியில் முங்கிட்டுப் போறதுதானே முறை என்று கேட்டாள். பெரியப்பா வீட்டாரிடம் நான் தபாலாக இல்லாமல் அவள் ஒரு விஷயத்தை அவ்வளவு நேராகக் கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“ஏட்டி, படியெல்லாம் பாசி,” என்றாள் பெரியம்மா. “வழுக்குச்சுன்னா நாளைக்கு இங்கன இன்னொரு எழவு. நீ ஏற்கெனவே அந்தப் பச்சத்தண்ணிக் கொளத்துலயே வெடவெடத்துக்கிட்டு நின்னவ. பேசாம இரு. அவிய வரட்டும், வந்து கயிறு கொண்டாரட்டும்.”

அம்மா கேட்டுக்கொண்டாள். சுடுகாட்டுப் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். பனைகளுக்கு அப்பால் புகை எழும்ப ஆரம்பித்திருந்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் சுற்றிச் செருகினாள். கொசுவத்தை முழங்காலுக்குத் தூக்கிப் பின்னால் சொருகினாள். தாலிக்கயிற்றைக் கழுத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். பெரியம்மா “என்னட்டி செய்யுத?” என்று கேட்டு முடிப்பதற்குள், அம்மா மேட்டில் நாலடி பின்னால் நடந்து போய், ஓடிவந்து, பாய்ந்துவிட்டாள்.

தண்ணீர் மேலே எழும்பி எங்கள் காலை நனைத்தது.

“ஐயோ, கெணத்துல விழுந்துட்டா! கெணத்துல விழுந்துட்டா!” என்று அந்த வீட்டு மருமகள் அலறினாள். துக்கம் தாங்காமல் விழுந்துவிட்டாள் என்றாள் ஒருத்தி. புருஷனுக்குத்தானே சித்தப்பா, அவளுக்கு என்ன அப்படித் துக்கம் என்றாள் இன்னொருத்தி. பெரியம்மா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு, “தம்பிக்கு என்ன பதில் சொல்லுவேன்” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஆண்களைக் கூட்டிவரச் சுடுகாட்டுப் பக்கம் ஓடினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வாயைத் திறந்தபடி வட்டம் வட்டமாக விரிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதிர்ச்சுவர் ஓரமாக அம்மாவின் தலை வந்தது. முகத்தை ஒரு கையால் வழித்தாள். மூச்சு விட்டாள்.

பெரியம்மா எழுந்து எட்டிப் பார்த்தாள். அப்புறம் கத்தினாள். “முங்கியாச்சுல்ல? மொறை முடிஞ்சுதுல்ல? ஏறி வாட்டி!”

அம்மா மேலே பார்த்தாள். கிணற்று விளிம்பில் வரிசையாக எங்கள் தலைகள். அப்புறம் கையை இரண்டு பக்கமும் விரித்து, மல்லாந்து, தண்ணீர் மேல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.